ஆட்டுக்கல்லும் கிளையும்
‘கலவைத் தோட்டம்’ குறித்துச் சில கேள்விகள்

1

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு பண்ணை வீடு. நண்பரின் நண்பருடையது. புதுமனை புகுவிழா முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் விருந்தினர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் வீட்டுக்காரர். புல்வெளி. அதை ஒட்டி ஜப்பானியப் பாணியில் சரளைக்கல் பரப்பு. ஒரு மூலையில் மொராக்கோ ஓடு பதித்த மேடை. நான்கு பர்மாத் தேக்குத் தூண்களின் மேல் மூங்கில் பந்தல், அதில் காகிதப்பூ. பந்தலுக்குக் கீழே பிரம்பு நாற்காலிகள், ஊஞ்சல், சுடுமண் குதிரை ஒன்று. குதிரைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்கல். குழியின் அடியில் ஓட்டை போட்டு, குழாய் செருகி, மோட்டார் வைத்திருந்தார்கள். தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

‘ஒரே ஸ்டைல்னு வச்சுக்கல. எல்லாத்தையும் கலந்திருக்கோம். எக்லெக்டிக்னு சொல்வாங்க’ என்றார்.

அழகாகத்தான் இருந்தது. இதை முதலில் ஒத்துக்கொண்டுவிட வேண்டும். அழகு என்று வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் நம்மிடம், அதாவது சிறுபத்திரிகை வாசிக்கிற, கூட்டங்களுக்குப் போகிற நம்மிடம், இருக்கிறது. அது ஒரு விதத்தில் சோம்பேறித்தனம். அழகாக இருந்தது என்பதும், அந்த அழகு என்னைத் தொந்தரவு செய்தது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் கேட்டேன்: ‘அண்ணே, இந்தக் கல்லுக்குக் குழவி எங்க?’

அவர் சிரித்தார். ‘குழவி எதுக்குத் தம்பி? தண்ணிய ஆட்டுறதுக்கா?’

இந்தக் கட்டுரை அவருடைய அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

2

‘எக்லெக்டிக்’ என்ற சொல்லை நாம் ‘கலவை’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். கிரேக்க மூலத்தில் அதன் பொருள் கலத்தல் அல்ல, தெரிந்தெடுத்தல். எந்த ஒரு தத்துவப் பள்ளிக்கும் கட்டுப்படாமல் பலவற்றிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டவர்களை அப்படி அழைத்தார்கள். ‘கலவை’ என்று சொல்லும்போது ஒரு ஜனநாயக வாசனை வருகிறது. எல்லாரும் கலந்துவிட்டார்கள், யாரும் யாரையும் ஆளவில்லை என்பது போல. ‘தெரிவு’ என்று சொன்னால் உடனே கேள்வி வந்துவிடுகிறது: தெரிந்தெடுப்பவர் யார்? எடுக்கப்படுவது யாருடையது? எடுக்காமல் விடப்பட்டது எது?

பின்நவீனத்துவக் கட்டிடக்கலையைப் பற்றி எழுதிய சார்ல்ஸ் ஜென்க்ஸ், நவீனத்துவத்தின் ஒற்றை மொழிக்கு எதிராகப் பல பாணிகளின் கலப்பை ஒரு விடுதலையாகவே கொண்டாடினார். அந்த உற்சாகத்தின் மேல் தண்ணீர் ஊற்றியவர் லியோதார். பின்நவீனத்துவத்தின் பெயரோடு சேர்த்தே நாம் உச்சரிக்கும் அதே லியோதார்தான், இப்படிப்பட்ட கலவை ரசனையை சமகாலக் கலாச்சாரத்தின் பூஜ்ய நிலை என்றார். ஒரு நாட்டுச் சாப்பாடு, இன்னொரு நாட்டு இசை, மூன்றாவது நாட்டு வாசனைத் திரவியம் என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு அவற்றை அளக்க ஒரே ஓர் அளவுகோல்தான் மிஞ்சுகிறது, அது பணம் என்பது அவர் வாதம். பின்நவீனத்துவம் என்றால் ‘எதுவும் நடக்கலாம்’ என்று புரிந்துகொண்டு அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் நம்மில் உண்டு. இரு தரப்பாருமே இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டோம்.

ஃபூக்கோ 1967இல் கட்டிடக்கலைஞர்களிடையே ஆற்றிய ஓர் உரையில் (1984இல்தான் அச்சானது) தோட்டத்தை ‘வேற்றுவெளி’களின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். ஒன்றோடொன்று சேராத பல இடங்களை ஒரே இடத்தில் அருகருகே வைக்க முடிவதுதான் அதன் குணம். நான்காகப் பகுக்கப்பட்ட பாரசீகத் தோட்டம் உலகத்தின் நான்கு பகுதிகளையும் தனக்குள் வைத்திருந்தது, நடுவில் உலகத்தின் தொப்புள் போலத் தண்ணீர். கடற்கரைச் சாலைத் தோட்டத்திலும் நடுநாயகமாகத் தண்ணீர் இருந்தது. அது என் அம்மாவின் ஆட்டுக்கல்லிலிருந்து வந்துகொண்டிருந்தது.

3

‘அம்மாவின் ஆட்டுக்கல்’ என்பது உவமைதான். அதே கல்லாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதே அளவு, அதே வகை. எங்கள் அம்மா இரண்டு இட்லிக் கடைகளுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பாள். வலது உள்ளங்கையில் குழவி பிடித்த இடம் காய்ச்சுப்போய் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆறு மாசத்துக்கொரு தடவை தெருவில் ‘அம்மி கொத்தலியோ, ஆட்டுக்கல் கொத்தலியோ’ என்று குரல் வரும். கொத்தி முடித்ததும் முதல் ஈட்டு மாவைக் கடைக்குக் கொடுக்க மாட்டாள். கல்துகள் பல்லில் கடிபடும் என்று அதை நாங்கள்தான் சாப்பிடுவோம். கடைக்காரர்கள் கிரைண்டர் வாங்கினதும் வருமானம் நின்றது. பிறகு ஒரு பழைய சாமான்காரர் வந்து கல்லைக் கேட்டார். என்ன கொடுத்தார் என்று நினைவில்லை. தூக்க மாட்டாமல் மூன்று பேர் உருட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

இதைச் சொல்வது பழமைக்காக ஏங்குவதற்கு அல்ல. ஆட்டுக்கல் போனது நல்லதே. அதற்காக அழ எந்தப் பெண்ணும் தயாராக இருக்க மாட்டாள். என் கேள்வி வேறு. உழைப்புக் கருவி அழகுப் பொருளாக மாறுவதற்கு அதிலிருந்து எதை வெளியேற்ற வேண்டியிருக்கிறது? குழவியை. குழவியை வெளியேற்றினால் அதைச் சுற்றின கை போய்விடுகிறது. அடியில் ஓட்டை போட்டபின் அந்தக் கல்லில் இனி மாவு ஆட்டவே முடியாது. அதாவது அது மறுபடி உழைப்புக்குத் திரும்பிவிடாதபடி உத்தரவாதம் செய்யப்படுகிறது. அதன் பிறகே அது ‘மரபு’ ஆகிறது. கொத்தத் தேவையில்லாத கல்லே மரபு.

தூண்களுக்கும் இதே கதை, வேறு வர்க்கத்தில். செட்டிநாட்டு வீடுகளே ஒருவகைக் கலவைதான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடி ஓடு. அந்தக் கலவைக்கு அடியில் வட்டிக் கணக்கு இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறிக் கைமாறி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்வாசி நெல்நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசம் வந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் பர்மாவின் விடுதலை, தொடர்ந்து நில நாட்டுடைமைச் சட்டம். இங்கே வீடுகள் பூட்டப்பட்டன, பங்கு பிரிக்கப்பட்டன, பிரிக்க முடியாதவை இடிக்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தூண், நிலை, கதவு, ஊஞ்சல் பலகை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஏறுகிறது.

ஐராவதி டெல்டாவில் நிலம் இழந்த பர்மிய விவசாயி, முதலாளி, முதலாளியின் வாரிசு, வியாபாரி, வடிவமைப்பாளர், கடைசியில் காகிதப்பூப் பந்தல். இந்தத் தொடரில் ஒவ்வொரு கண்ணியும் முந்தினதை மறைக்கிறது. ‘பழைய தூண்ல ஒரு கேரக்டர் இருக்கு’ என்கிறோம். அந்தக் ‘கேரக்டர்’ என்பது அழிக்கப்பட்ட வரலாற்றின் மிச்சப் பளபளப்பு.

4

செடிகளுக்கு வருவோம். காகிதப்பூவுக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் பூகன்வில்லா. பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயர். 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த அந்தப் பயணத்தில் இருந்த தாவரவியலாளர் கொம்மர்சன். 1767இல் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடி சேகரிக்கப்பட்டது. கொம்மர்சனுக்கு உதவியாளராக ஆண் உடையில் கப்பல் ஏறியவர் ழான் பாரே என்ற பெண். கால் புண்ணோடு இருந்த கொம்மர்சனுக்குப் பதிலாக மலையேறி, மூட்டை சுமந்து, செடி பறித்து வந்தது பெரும்பாலும் அவரே என்று கருதப்படுகிறது. உலகைச் சுற்றி வந்ததாக அறியப்படும் முதல் பெண்ணும் அவரே. செடி கப்பல் தலைவருக்குப் போயிற்று. பாரேயின் பெயரை ஒரு செடிக்கு (கத்தரி, உருளைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது) வைத்தது 2012இல்.

டாலியா மெக்சிகோவின் பூ. அங்கே அதற்கு நாவாட்டில் மொழியில் பெயர் இருந்தது. இப்போது அது ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் தாவரவியலாளரின் பெயரால் பூக்கிறது. பெயரிடுதலுக்கும் உடைமை கொள்ளுதலுக்கும் உள்ள உறவை ஜமைக்கா கின்கெய்ட் 1999இல் வந்த தன் தோட்டப் புத்தகத்தில் விடாமல் கேட்கிறார். ஆன்டிகுவாவில் பிறந்து அமெரிக்காவின் வெர்மான்டில் குடியேறியவர். புல்வெளியைத் தோண்டி விநோத வடிவங்களில் பாத்திகள் போட்டுக்கொண்டே போனவருக்கு ஒருநாள் உறைக்கிறது, தான் வரைந்துகொண்டிருப்பது கரீபியத் தீவுகளின் வரைபடம் என்று. இதுவும் கலவைத் தோட்டம்தான். ஆனால் இங்கே கலப்பது ரசனை அல்ல, நினைவு.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘பாத்தீங்களா, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, பிடுங்கி எறிஞ்சிட்டு நம்ம மண்ணின் மரங்களை மட்டும் வைப்போம்’ என்ற குரல் உடனே வந்துவிடும். உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுக் காடுகளைத் தின்றது உண்மை. ஆகாயத்தாமரை பூவழகுக்காக வந்து நம் ஏரிகளை மூடியதும் உண்மை. சூழலியல் கேள்வியைச் சூழலியலாகவே பேசுவோம். ஆனால் சுத்தம் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். நம் கொல்லையில் காய்க்கிற மிளகாய், பப்பாளி, கொய்யா, சீத்தா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பச்சைமிளகாய் இல்லாத ‘மண்ணின் சமையல்’ எது? கலப்பில்லாத தூய தோட்டம் என்று ஒன்று எங்கேயும் இருந்ததில்லை. கலப்பைக் கண்டு பயப்படுகிறவன் இந்த நாட்டில் எதற்குப் பயப்படுகிறான் என்று நமக்குத் தெரியும். செடியில் தொடங்கிக் கல்யாணத்தில் போய் நிற்கும் அந்தப் பேச்சு.

ஆகவே கலப்பு என் எதிரி அல்ல. எந்த நிபந்தனையில் கலக்கிறது என்பதே கேள்வி.

5

‘வெளியில் வாழ்தல்’ என்று இப்போது வடிவமைப்புப் பத்திரிகைகள் எழுதுகின்றன. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள், வெளியையும் ஒரு அறை மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, முற்றம், கொல்லை என்று நம்மிடம் எல்லாமே இருந்தது, மறந்துபோய்விட்டோம் என்று ஒரு பல்லவியும் சேர்ந்துகொள்கிறது.

யாரிடம் இருந்தது? திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. திண்ணை உபசாரத்தின் குறியீடு மட்டுமல்ல, சாதியை அளக்கும் கோலும்கூட. கொல்லைப்புறம் துளசி மாடமும் கிணற்றடியும் மட்டுமல்ல. எடுப்புக் கக்கூஸ், அதற்கென்று பின்பக்கம் ஒரு சந்து, அந்தச் சந்தில் வாளியோடு வந்து போனவர்கள். 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடைசெய்ய வேண்டியிருந்த வேலை அது. கொல்லையின் அழகைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து கொல்லையைப் பார்த்தவர்கள். சந்திலிருந்து பார்த்தவர்கள் அண்மைக் காலத்தில்தான் எழுத வந்தார்கள். சேரியில் கொல்லை கிடையாது. இரண்டு சென்ட் இடத்தில் வீடு போக மிஞ்சுவது துணி காயப்போடும் கொடி. அங்கே ‘வெளியில் வாழ்தல்’ பாணி அல்ல, வேறு வழியில்லாமை.

பிரதிகளை வாசிக்கப் பழகிய நாம் தோட்டத்தையும் ஒரு பிரதி என்கிறோம். சரி. அந்தப் பிரதியின் முதல் பக்கம் பட்டா. அங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். பண்ணை வீடுகள் வரிசையாக எழும்பி நிற்கிற இந்தப் பிரதேசம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதே மாவட்டத்தின் ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் தலித்துகளுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. மாநிலம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது போராட்ட இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்தப் பஞ்சமி நிலங்கள் கைமாறின. 1994இல் காரணையில் அவற்றை மீட்கும் போராட்டம் நடந்தது. அந்த அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

எல்லாப் பண்ணை வீடும் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. புல்வெளி விரிப்பது எந்த மண்ணின் மேல் என்று கேட்பதைத் தோட்டக்கலை என்கிற சொல்லாடல் எப்படித் தவிர்க்கிறது என்றுதான் சொல்கிறேன். மண் பரிசோதனை செய்கிறார்கள். அமிலம், காரம், தழைச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் பார்க்கிறார்கள். மண்ணின் கைமாற்றம் மட்டும் அந்தப் பரிசோதனையில் வருவதில்லை.

6

மாற்றே இல்லையா? ஒரு தோட்டத்தை எனக்குப் பிடிக்கும், படங்களில் மட்டுமே பார்த்திருந்தாலும். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டஞ்ஜனெஸ் என்ற கூழாங்கல் பரப்பு. எதிரே அணுமின் நிலையம். அங்கே தார் பூசிய கறுப்பு மீனவர் குடிசை ஒன்றைத் திரைப்பட இயக்குநர் டெரக் ஜார்மன் 1980களின் பிற்பகுதியில் வாங்கினார். அவருக்கு எச்ஐவி தொற்று என்று தெரிந்து அதைப் பகிரங்கமாக அறிவித்துமிருந்த காலம். தாட்சர் அரசு, ஓரினச்சேர்க்கையை உள்ளாட்சி அமைப்புகள் ‘ஊக்குவிப்பதை’த் தடைசெய்து 1988இல் சட்டம் போட்ட காலம். அந்தக் கல்லாந்தரையில் அவர் கடல் ஒதுக்கிய கட்டைகள், துருப்பிடித்த சங்கிலிகள், இரும்புத் துண்டுகள், ஓட்டை விழுந்த கற்கள் ஆகியவற்றைப் பொறுக்கி நட்டார். அவற்றுக்கு நடுவில் உப்புக்காற்றைத் தாங்கும் செடிகள். 1994இல் இறக்கும்வரை அதைச் செய்துகொண்டிருந்தார்.

அதுவும் கலவைதான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, அங்கே இருந்தவை பெரும்பாலும் யாருக்கும் வேண்டாதவை. எவரிடமிருந்தும் விலைக்குப் பிடுங்கப்பட்டவை அல்ல. இரண்டு, அங்கே வேலி இல்லை. தோட்டம் எங்கே முடிகிறது, கடற்கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சமூகம் நோயாகப் பார்த்த ஓர் உடல், தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்த ஓர் உடல், சுவரில்லாமல் ஒரு தோட்டம் போட்டது.

இதையும் புனிதமாக்க வேண்டாம். குடிசை வாங்க அவரிடம் காசு இருந்தது. 2020இல் அந்த இடத்தைக் காப்பாற்ற 35 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை திரட்டினார்கள். துருப்பிடித்த இரும்பும் கூழாங்கல்லும் அதற்கு வெகு முன்னரே ஒரு ‘பாணி’யாகி விற்பனைக்கு வந்துவிட்டன. சந்தைக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. நாளைக்கே நம்முடைய உடைந்த பக்கெட்டும் ஒரு பாணியாகிவிடும்.

7

உடைந்த பக்கெட் என்று சொன்னேன். நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களின் அடுக்குமாடி நடைவழிகளில் பார்க்கலாம். பெயிண்ட் வாளி, மீன் வந்த தெர்மகோல் பெட்டி, வாய் உடைந்த குடம். அவற்றில் துளசி, கற்பூரவல்லி, கற்றாழை, மணிபிளான்ட், ஒரு ரோஜா. இதுவும் பல நாட்டுச் செடி, பல ஊர்ப் பொருள். இதை யாரும் எக்லெக்டிக் என்று சொல்வதில்லை. ‘அடசல்’ என்கிறார்கள்.

எங்கள் அம்மாவிடமும் ஒரு எண்ணெய் டின்னில் ஒரு குரோட்டன்ஸ் இருந்தது. வேலைக்குப் போன ஒரு பங்களாவின் காம்பவுண்டு ஓரத்திலிருந்து கிளை ஒடித்துக்கொண்டு வந்தது. மொலுக்காத் தீவுப் பக்கத்துச் செடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான்: கப்பல், பங்களா, அம்மாவின் முந்தானை. கறிக்கும் ஆகாது, தலையில் வைக்கவும் முடியாது. ‘இது எதுக்கும்மா?’ என்று கேட்டால், ‘சும்மா இருக்கட்டுமே’ என்பாள். நாள் முழுக்கப் பயனுக்காகவே வாழ்ந்த ஒருத்திக்குப் பயனில்லாத ஒன்று தேவைப்பட்டது. ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய கட்டுரையில், ஜார்ஜியாவின் வாரக் குடியானவர் வீடுகளில் தன் தாய் வளர்த்த பூக்களைப் பார்த்து, நசுக்கப்பட்ட படைப்பு மனம் ஒன்று அங்கே வெளிவந்ததைக் கண்டார். ‘ஏழைக்குக் கீரைப் பாத்தி போதும், பூச்செடி பணக்காரச் சங்கதி’ என்று நம் தோழர்கள் சொல்வதுண்டு. அம்மாவின் ‘சும்மா இருக்கட்டுமே’வுக்கு அவர்களிடம் பதில் இல்லை.

இப்போது எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கலவை இரண்டு வகை. கல்லின் கலவை ஒன்று, கிளையின் கலவை ஒன்று. கல் இங்கே வந்தால் அங்கே இல்லை. தூண் இங்கே நின்றால் அங்கே ஒரு வீடு விழுந்திருக்கிறது. கிளை அப்படியல்ல. ஒடித்த இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும், நட்ட இடத்தில் வேர் விடும். பங்களாக்காரருக்கு ஒன்றும் குறையவில்லை, எங்களுக்கு ஒன்று கூடியது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் கல் வாங்கியது வியாபாரம், கிளை ஒடித்தது திருட்டு.

அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெளியே வந்தேன். பந்தலுக்குக் கீழே நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. தோட்டக்காரர் கேட்டுக்கு வெளியே, சுவர் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே உட்காரக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய தேவையும் இருந்திருக்காது. அத்தனை நாட்டுப் பாணிகளையும் வரவேற்ற அந்த வடிவமைப்பில், அதைப் பராமரிக்கிற மனிதர் உட்கார ஓர் இடம் வரையப்படவே இல்லை.

பக்கத்தில் ஈரத்துணி சுற்றி நாலைந்து காகிதப்பூக் கிளை வைத்திருந்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

‘வீட்டுக்குங்களாண்ணே?’

‘கிளைதான தம்பி. ரெண்டு எங்க தெருவுக்கு. உங்களுக்கு ஒண்ணு வேணுமா?’

வாங்கிக்கொண்டேன். நான் இருப்பது வாடகை வீட்டில், இரண்டாவது மாடி. பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இலை வந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் பார்க்கவில்லை.